விலை ஓனருக்கு, அதிர்வு டிரைவருக்கு

கோடைக்காலத்தில் வேளச்சேரி–தாம்பரம் மெயின் ரோட்டில் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். தண்ணி லாரிகளை எண்ணியே அலுத்துப்போகும். மேடவாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று வரிசையாக அடுக்குமாடிகள். குழாய் வராத நாளில் எல்லாருக்கும் தெய்வம் அந்த லாரிதான். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது தென்சென்னை புறநகரைத் தாங்கியதில் இந்த லாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படி ஒரு லாரி வீட்டு வாசலில் இன்ஜினை அணைக்காமல் நின்றால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சைடு கண்ணாடி நடுங்கும். கியர் லீவர் தானாகவே தலையாட்டும். டாஷ்போர்டில் வைத்த டீ கிளாஸ் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வரும். கேட்டால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. பல வண்டிகளில் காரணம் மிகச் சின்ன சாமான்: இன்ஜின் மவுண்டிங். இன்ஜினையும் சேஸையும் நடுவில் நின்று பிரித்து வைக்கும், இரும்போடு ஒட்டிய ரப்பர் துண்டு. அதை மாற்றும் நேரத்தில் எந்த மவுண்டிங் வாங்குவது என்ற கேள்வி வரும். பெரும்பாலும் அதை முடிவு செய்வது விலை. விலையைப் பார்ப்பதில் தப்பில்லை. பாதி விலையை மட்டும் பார்ப்பதுதான் தப்பு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மவுண்டிங் என்ன வேலை செய்கிறது?

மூன்று வேலை. ஒன்று, சில நூறு கிலோ எடையுள்ள இன்ஜினையும் அதோடு சேர்ந்த கியர்பாக்ஸையும் தாங்குவது. இரண்டு, இன்ஜினின் நடுக்கம் சேஸுக்கும் கேபினுக்கும் போகாமல் தடுப்பது. மூன்று, வண்டி இழுக்கும்போது இன்ஜின் ஒரு பக்கமாகப் புரளப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது.

இந்த மூன்றாவது வேலைதான் பலருக்குத் தெரியாது. ஒரு சின்ன கணக்கு. இன்ஜின் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாப் கியரில், ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில், மவுண்டிங் தாங்க வேண்டிய எதிர்விசையும் அந்த 400தான். முதல் கியரின் விகிதம் 7 என்றால் அதே எதிர்விசை 2,800. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உடம்பாக போல்ட் போட்டு இருப்பதால், கியர்பாக்ஸ் பெருக்கித் தரும் முறுக்கு முழுவதையும் அந்த ரப்பர்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்து மவுண்டிங் அழுந்தும், மறுபக்கத்தது இழுபடும். ரப்பருக்கு அழுத்தம் தாங்கும்; இழுவை அவ்வளவாகத் தாங்காது. அதனால்தான் பல நேரம் ஒரு பக்கத்து மவுண்டிங் முதலில் கிழிகிறது.

கிலோமீட்டர் சொல்லாத கதை

இப்போது இரண்டு லாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சென்னைக்கும் திருச்சிக்கும் லோடு ஓடுகிறது. வண்டலூர் தாண்டி டாப் கியரைப் போட்டால் மணிக்கணக்கில் அதே கியர்தான். இன்னொன்று தாம்பரத்துத் தண்ணி லாரி. ஒரு நடைக்கு ஐந்தாறு கிலோமீட்டர். அதற்குள் கேம்ப் ரோடு சிக்னல், ஒரு குறுகலான தெரு, ரிவர்ஸ் எடுக்க நாலு முறை முன்னும் பின்னும், வாசலில் இன்ஜின் ஓட ஓட நிற்பது, மறுபடி முதல் கியர்.

வருஷ முடிவில் மீட்டரைப் பார்த்தால் திருச்சி லாரி எங்கேயோ இருக்கும். தண்ணி லாரியின் மவுண்டிங்தான் அதிகம் அடிபட்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கு டயருக்குப் பொருந்தும். மவுண்டிங்கின் வயசைச் சொல்ல அது போதாது. எத்தனை முறை முதல் கியரில் லோடோடு கிளம்பியது, எத்தனை மணி நேரம் நின்றபடி ஓடியது, எத்தனை வெயில் பார்த்தது, எவ்வளவு ஆயில் குடித்தது: இவைதான் அதன் வயசு.

அதிலும் பல தண்ணி லாரிகள் வெளியூர் லோடு ஓடி ஓய்ந்தபின் இரண்டாவது பிறவியாகத் தொட்டி மாட்டிக்கொண்டவை. லட்சக்கணக்கில் ஓடிய வண்டிக்கு அதற்குப் பிறகுதான் கடினமான வேலையே ஆரம்பிக்கிறது.

"கெட்டியா இருக்கு பாருங்கண்ணே"

சரி, கடைக்குப் போகலாம். உதிரி சாமான் கடையில் இந்தக் காட்சியை எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

"அண்ணே, ஒரிஜினல் தரவா, லோக்கல் போதுமா?"

"லோக்கல் தாங்குமாப்பா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு."

ஓனர் கட்டைவிரலால் அழுத்துவார். அமுங்காது. திருப்தியாக வாங்கிக்கொண்டு போவார்.

இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. செருப்புக்கும் டயருக்கும் கெட்டி நல்லதாக இருக்கலாம். மவுண்டிங் கல் மாதிரி இருந்தால் அது தன் இரண்டாவது வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். மவுண்டிங் மேல் உட்கார்ந்த இன்ஜினுக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. ஆறு சிலிண்டர் இன்ஜின் 600 ஆர்.பி.எம்.மில் ஐடிலிங் ஓடினால் வினாடிக்கு 30 முறை உள்ளே வெடிப்பு நடக்கிறது. நான்கு சிலிண்டர் என்றால் 20 முறை. சொந்தத் தாளத்தைவிட ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் வேகமாக வரும் அதிர்வைத்தான் ரப்பரால் குறைக்க முடியும். அதாவது ஆறு சிலிண்டருக்கு அந்தத் தாளம் வினாடிக்கு 21க்குக் கீழே, நான்கு சிலிண்டருக்கு 14க்குக் கீழே இருக்க வேண்டும். ரப்பரின் விறைப்பு இரட்டிப்பானால் தாளம் 1.4 மடங்கு ஏறிவிடும். கெட்டி ரப்பரைப் போட்டால் இன்ஜினின் தாளம் ஐடிலிங்கை நோக்கி ஏறி வந்து அதோடு கைகுலுக்கும். புது மவுண்டிங் மாட்டியும் வண்டி முன்பைவிட மோசமாக நடுங்குகிறது என்று டிரைவர் புலம்புவது பொய் இல்லை.

இது புது ஞானமும் இல்லை. 1931இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரில் நான்கு சிலிண்டர் இன்ஜினை ரப்பர் மேல் மிதக்க விட்டது. அதற்கு 'மிதக்கும் சக்தி' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்து விளம்பரம் செய்தது. இன்ஜின் எந்த அச்சில் தானாக ஆடுமோ அந்த அச்சிலேயே ஆட விட்டு, கொஞ்சம் மெதுவான ரப்பரால் தாங்கினார்கள். இறுக்கிப் பிடித்ததால் கிடைத்த வெற்றி இல்லை அது, இடம் பார்த்து விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது.

அதற்காக வெண்ணெய் மாதிரி மெதுவாக இருந்தாலும் ஆகாது. இன்ஜின் புரண்டு ஃபேன் போய் ரேடியேட்டர் ஷ்ரவுடில் இடிக்கும். சைலன்சர் பைப் விரிசல் விடும், ஹோஸ் இழுபடும். ஆகவே எவ்வளவு விறைப்பு என்பது அந்த இன்ஜினுக்கு என்று கணக்குப் போட்டு வைத்த அளவு. கட்டைவிரலுக்கு அது தெரியாது. ரப்பரின் கடினத்தை அளக்க ஷோர் அளவுகோல் என்று ஒரு சின்ன கருவியே இருக்கிறது. கடையில் அதைக் கேட்க முடியாது என்றால் பார்ட் நம்பரையாவது கேட்க வேண்டும். அதையும் வண்டியின் மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல் சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் சொல்லி வாங்க வேண்டும். பழைய லாரியில் நடுவில் யாரோ இன்ஜினையே மாற்றியிருக்கலாம்.

நான்கு வழி

வாங்குபவருக்கு முன்னால் நான்கு வழி இருக்கிறது.

1. வண்டிக் கம்பெனியின் ஒரிஜினல். லேலண்டுக்கு லேபார்ட்ஸ், டாடாவுக்கு டாடா ஜெனுயின் பார்ட்ஸ் மாதிரி. விலை அதிகம். போலி டப்பாவும் வரலாம் என்பதால் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குவது நல்லது.

2. பெயர் போட்டுத் தயாரிக்கும் வேறு கம்பெனி சாமான். பார்ட் நம்பர், தயாரித்த மாதம், பேட்ச் எல்லாம் அச்சிட்டிருந்தால் இதை ஒதுக்க வேண்டியதில்லை.

3. பெயரில்லாத லோக்கல். பிளாஸ்டிக் கவரில் வரும். உள்ளே எந்த ரப்பர், இரும்போடு எப்படி ஒட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மவுண்டிங்கின் உயிரே அந்த ஒட்டில்தான் இருக்கிறது. ரப்பரை இரும்பின் மேல் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்து ஒட்டுகிறார்கள். இரும்பைச் சரியாகச் சுத்தம் செய்து பசை தடவாமல் விட்டால் ரப்பர் நன்றாக இருந்தாலும் ஒட்டு விட்டுவிடும்.

4. புதுப்பேட்டையில் கழற்றிய வண்டியின் பழைய மவுண்டிங். கியர்பாக்ஸ் ஹவுசிங், ஆக்சில் மாதிரி இரும்புச் சாமானுக்குப் புதுப்பேட்டை ஒரு வரப்பிரசாதம். ரப்பருக்கு அந்தக் கதை செல்லாது. ரப்பர் வண்டியில் ஓடினாலும் தேயும், ஓடாமல் கிடந்தாலும் வெயிலிலும் காற்றிலும் கெட்டியாகி வெடிக்கும். இன்னொருவர் ஏற்கனவே செலவழித்துவிட்ட வாழ்க்கையைக் காசு கொடுத்து வாங்குவதில் லாபம் கிடையாது.

நான்காவதை அடித்துவிடலாம். மீதி மூன்றில் எது? இனிமேல்தான் காமர்ஸ்.

மூன்றில் இரண்டு

கீழே உள்ள எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு செட் ஒரிஜினல் 6,000 ரூபாய். லோக்கல் செட் 2,400 ரூபாய். மாட்டும் கூலி இரண்டுக்கும் 1,500. வண்டி ஒரு நாள் நிற்பதால் போகும் வருமானம் இரண்டுக்கும் 3,000.

ஆக, ஒருமுறை ஒரிஜினல் மாட்ட மொத்தம் 10,500. லோக்கல் மாட்ட 6,900.

கடையில் பார்த்தபோது லோக்கலின் விலை ஒரிஜினலில் 40 சதவீதம். கூலியும் நின்ற நாளும் சேர்ந்தபின் அது 66 சதவீதம் ஆகிவிட்டது! அதாவது ஒரிஜினல் 30 மாதம் ஓடினால், லோக்கல் சுமார் 20 மாதமாவது ஓடினால்தான் கணக்கு சமமாகும். எட்டு மாதத்தில் கிழிந்தால்? 30 மாதத்துக்குள் நாலு முறை மாட்ட வேண்டும், 27,600 ரூபாய். மிச்சம் பிடித்த 3,600 ரூபாய் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதுதான்.

கூலியும் நின்ற நாளும் நிலையான செலவு. மலிவான சாமான் அந்தச் செலவைக் குறைக்காது, திரும்பத் திரும்ப வரவழைக்கும். ஒரு மவுண்டிங் கிழிந்தால் செட்டாக மாற்றச் சொல்வதற்கும் இதே காரணம்தான். கூடவே இன்னொரு காரணம்: பழையவை அழுந்தி உயரம் குறைந்திருக்கும், புதிது மட்டும் நிமிர்ந்து நின்று மற்றவற்றின் சுமையையும் வாங்கிக்கொள்ளும்.

"பில் போட்டால் வரி சேரும், பில் இல்லாமல் கொடு" என்பது இன்னொரு பழக்கம். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. என்றால் முதலில் ரோடுதான் நினைவுக்கு வரும், வரி அப்புறம்தான். வாகன உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதம். முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. சின்ன லாரி ஓனருக்கு இந்த வரியைத் திரும்ப எடுக்கும் வாய்ப்பு பொதுவாக இல்லை. வருமான வரியிலும் பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் ஒரு வண்டிக்கு மாதம் இவ்வளவு என்று அனுமான வருமானம் காட்டலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 44ஏஇ பிரிவு. அப்படிக் காட்டினால் ரிப்பேர் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. ஆக, பில் வாங்குவதால் ஓனருக்கு வரியில் ஒரு பைசா லாபம் இல்லை. அவர் பில் கேட்காததைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது; சட்டத்தின் அமைப்பே அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

ஆனாலும் பில்லுக்கு வரியைத் தவிர வேறு உபயோகம் உண்டு. இரண்டாவது மாதம் ஒட்டு விட்டுப்போனால் அந்தக் காகிதம் மட்டும்தான் கேள்வி கேட்கும். அது இல்லாத சாமானுக்கு அப்பா அம்மா கிடையாது.

எதிர்வாதம்

"வண்டியே இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. அதுக்குப் போய் ஒரிஜினலா?" என்று ஓனர் கேட்பார். நியாயமான கேள்வி. எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. காட்ட வேண்டும். வண்டியை ஆறு மாதத்தில் கழிக்கப் போவது உறுதி என்றால் 30 மாத மவுண்டிங் வாங்குவது வீண்தான். அப்போது இரண்டாவது வழி போதும். ஆனால் "அடுத்த வருஷம் கொடுத்துடலாம்" என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வண்டிகளே அதிகம். அந்த வாக்கியத்தை நம்பிச் சாமான் வாங்கக் கூடாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா நடுக்கத்துக்கும் மவுண்டிங் காரணம் ஆகாது. ஒரு இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்காவிட்டாலும், ஐடிலிங் குறைவாக இருந்தாலும், கிளட்ச் தேய்ந்திருந்தாலும் வண்டி நடுங்கும். முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு மவுண்டிங்குக்கு வர வேண்டும். ரப்பரில் வெடிப்பு, இரும்பிலிருந்து பிரிந்த கோடு, இரும்பும் இரும்பும் முட்டிய பளபளப்பு, கிளட்ச் விடும்போது 'டம்' என்று ஒரு சத்தம்: இவை சாட்சிகள். ஆயிலோ டீசலோ மேலே ஒழுகினால் அந்தக் கசிவை முதலில் நிறுத்த வேண்டும். இயற்கை ரப்பர் ஆயிலைக் குடித்து ஊதிவிடும். கசிவை விட்டுவிட்டு ஒரிஜினல் மாட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணி பிடிப்பது மாதிரி.

மாட்டும்போதும் கவனம் தேவை. ஆயில் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைக்காமல் ஜாக்கி போட்டால் சம்ப் நசுங்கும். எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, இன்ஜின் எடை முழுசாக ரப்பரில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். முறுக்கிய நிலையில் இறுக்கிய ரப்பர் முதல் நாளிலிருந்தே கிழியத் தொடங்கும்.

டிரைவர் பெயரில் எழுதாத செலவு

மேலே போட்ட கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. கிழிந்த மவுண்டிங்கோடு வண்டி எட்டு மாதம் ஓடினாலும் ஓனர் கையிலிருந்து எதுவும் போகாது. லோடு போகிறது, வருமானம் வருகிறது. அந்த எட்டு மாதமும் நடுக்கத்தை வாங்குவது டிரைவரின் கையும் முதுகும். அவருக்கு நடைக்கு இவ்வளவு என்று பேட்டா. முதுகுவலிக்குப் பேட்டா கிடையாது.

உடம்பு முழுவதும் அதிரும் வேலைக்கு ஐரோப்பிய யூனியன் 2002இலேயே ஒரு எல்லை வைத்தது. எட்டு மணி நேர வேலைக்கு 0.5 மீட்டர்/வினாடி² என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. ரோட்டுப் பள்ளத்தில் விழும் உதறலுக்கு மவுண்டிங் மருந்து இல்லை, அது ஸ்பிரிங்கும் சீட்டும் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் நின்றிருக்கும் வண்டியில் வரும் நடுக்கத்தைக் குறைக்க மவுண்டிங்கால் முடியும்.

நம் நாட்டில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புதிய நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நல்ல சட்டம். தாம்பரம் பக்கம் ஓடும் பழைய தண்ணி லாரிக்கு அது வராது. அந்த டிரைவருக்கு எட்டக்கூடிய வசதி நாலு ரப்பர்தான்.

ஆகவே மவுண்டிங் வாங்கும் முடிவில் டிரைவருக்கும் ஒரு ஓட்டு வேண்டும். மாட்டி முடித்ததும் அவரை ஏற்றி, லோடோடு ஒரு சுற்று ஓட்டச் சொல்லிவிட்டு மெக்கானிக்குக் காசு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கொசுறு: மேலே சொன்ன மூன்றில் இரண்டு கணக்கு முழுவதும் ஒரே எண்ணை நம்பி நிற்கிறது: மவுண்டிங் எத்தனை மாதம் ஓடியது? அதை ஞாபகத்திலிருந்து சொன்னால் கடைக்காரர் ஒன்று சொல்வார், மெக்கானிக் ஒன்று சொல்வார். ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, மாட்டிய தேதி, மீட்டர், எந்த சாமான், யார் கடை என்று எழுதி டாஷ்போர்டில் போட்டு வையுங்கள். டிரைவரே எழுதட்டும். இரண்டு செட் மாறுவதற்குள் ஒரிஜினலா லோக்கலா என்ற வாதத்துக்கு உங்கள் வண்டியே பதில் சொல்லிவிடும்.